மெல்லொலியும் கேட்கும் செவியும்

உரக்கப் பேசுவோனுக்கே உலகம் செவிகொடுக்கும் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். அங்காடியிலும் அலுவலகத்திலும் இதற்குச் சான்றுகள் நாள்தோறும் கிடைக்கின்றன. ஆயினும், மெல்லக் கூறிய சொல் ஒருவர் செவியில் ஏறாமற் போனால், அக்குறை கூறியவருடையதா, கேளாதவருடையதா? இவ்வினாவை நம் உள்ளத்தில் எழுப்பியது ஓர் எளிய பொழுதுபோக்கே.

அரசின் உரிமம் பெற்ற ஆர்வலர், வாணிகம் கருதாது, தம் இல்லத்திலிருந்தே உள்நாட்டாருடனும் அயல்நாட்டாருடனும் வானொலி வழி உரையாடுவதை அமெச்சூர் வானொலி என்பர். ஹாம் வானொலி என்றும் வழங்குவர். அவர்களுட் பலர் 100 வாட் ஆற்றலுள்ள கருவிகளைக் கையாள்கின்றனர். ஒரு சாராரோ, மோர்ஸ் ஒலிக்கு 5 வாட், பேச்சுக்கு 10 வாட் எனத் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்கின்றனர். ஆற்றலைக் குறைப்பதைச் சுட்டும் தந்திக் குறியீட்டை ஒட்டி இதற்குக் கியூ.ஆர்.பி. என்று பெயர். 5 வாட் என்பது திண்ணையில் எரியும் சிறிய எல்.இ.டி. விளக்கு கொள்ளும் மின்சாரமே!

இவ்வெளிமைக்கு நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003ஆம் ஆண்டளவில் வடிவமைத்த பிட்எக்ஸ் என்னும் கருவியின் ஆற்றல் ஏறத்தாழ 6 வாட். கம்பிச்சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயின் வாஷரையே அவர் பயன்படுத்தினார். கடைத்தெருவில் கிடைப்பதைக் கொண்டே உலகோடு பேச முடியும் என்று பலருக்கும் உணர்த்திய கருவி அது.

பாறசாலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் நம் நண்பர் ஒருவர் இக்கலையில் ஈடுபாடு உடையவர். தென்னைக்கும் பலாவுக்கும் இடையே ஏறத்தாழ 20 மீட்டர் நீளச் செம்புக்கம்பியே அவருடைய ஏரியல். ஒரு மாலை அவர் அருகில் அமர்ந்திருந்தோம். நண்பர் மோர்ஸ் விசையைத் தட்டினார், மறுமொழி இல்லை. மீண்டும் தட்டினார். மூன்றாம் முறை, இரைச்சலின் அடியிலிருந்து நூலிழை போல் ஓர் ஒலி எழுந்தது. இலங்கை அன்பர் ஒருவர் விடையிறுத்தார்! அவரும் குறைந்த ஆற்றலையே கையாண்டதால், அவர் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்தறிய நண்பருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அதுவரை கண்களை மூடி, மூச்சையும் அடக்கி அவர் கேட்டுக்கொண்டிருந்த காட்சி ஒரு தவம் போன்றிருந்தது.

இது எங்ஙனம் இயலுகிறது? வானின் உயரத்தே உள்ள அயனி மண்டலம் சிற்றலைகளை வளைத்துத் தரைக்குத் திருப்புகிறது. மேல் வளிமண்டலத்தை ஆராய்வதற்காகக் காந்த நடுக்கோட்டை ஒட்டிய தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்பட்டது. மேலும், 100 வாட்டை 5 வாட்டாகக் குறைத்தாலும் கேட்பவரின் அளவுமானியில் குறி ஏறக்குறைய இரண்டு படியே இறங்கும். ஏனெனில் ஒவ்வொரு படியும் ஆற்றலில் நான்கிலொரு பங்கு. எஞ்சிய குறையைக் கேட்பவரின் பொறுமை ஈடுசெய்கிறது.

கைப்பேசி இருக்க இத்தொல்லை எதற்கு என்று கேட்பார் உளர். வறுமையை விளையாட்டாக்குவதா என்றும் வினவுவர். பிறரால் சுமத்தப்பட்ட வறுமை அறமன்று. அது நீக்கப்பட வேண்டியதே. தானே விரும்பி மேற்கொண்ட எளிமையோ, பிறருடைய செவியின் அருமையை நமக்கு உணர்த்துகிறது. பேசியவரைப் புகழ்வது உலகியல்பு. இங்கோ புகழ் கேட்டவருக்கே உரியது.

அம்மாலைக்கு முந்திய நாள் நம் அலுவலகச் சாளரத்தின் முன் முதிய நெசவாளப் பெண்மணி ஒருவர் வந்து நின்றார். தமிழும் மலையாளமும் கலந்த எல்லைப்புறப் பேச்சில், மிக மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். "சத்தமாகச் சொல்லுங்கம்மா" என்று இருமுறை கடிந்தோம். அவர் நிரப்பாத படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். முகமறியா ஒருவரின் புள்ளிக்கும் கோட்டுக்கும் நண்பர் பத்து நிமிடம் காத்திருந்ததைக் கண்டபோது நாம் நாணித் தலைகுனிந்தோம்.

1956 நவம்பர் 1 அன்று தென்திருவிதாங்கூரின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் இங்கு நம் மொழி சிறுகுரலாயிற்று. எம்மையும் கேளுங்கள் என்று நாம் வேண்டுவது முறையே. ஆனால் நம் பாட்டியின் கலப்புத் தமிழைக் கேட்டு நம் பிள்ளைகள் நகைக்கும்போது நாம் வாளாவிருப்பது முறையா? நம்மினும் மெல்லிய குரலை நாமே கேளாமல், நம் குரலை யாரிடம் முறையிடுவது?

திருக்குறள் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்து, 42ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்தது. கற்றோம் என்று நாம் செருக்குற்றிருக்க, கல்லாதாரின் மெல்லிய சொல்லுக்குச் செவிசாய்ப்பதும் அக்கேள்வியுள் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம். அம்முதியவள் மீண்டும் சாளரத்துக்கு வருவாளாயின், நாற்காலியை விட்டு எழுந்து, அருகிற் சென்று கேட்போம். ஐந்து வாட் நமக்குக் கற்பித்த பாடம் இதுவே.