குற்றவாளி இல்லாத குற்றம்

ஒழுக்கவியல் நெடுங்காலமாக இரண்டு மனிதரை முன்னிறுத்தியே சிந்தித்து வந்துள்ளது. ஒருவன் தீங்கு செய்தவன், மற்றவன் தீங்குற்றவன். திருட்டு, பொய், கொலை ஆகிய எதனை எடுத்துக்கொண்டாலும் இவ்விருவரையும் சுட்டிக்காட்ட இயலும். செய்தவனின் உள்நோக்கத்தை ஆராயவும் இயலும். இயற்கையின் சுழற்சிகளை மனிதன் குலைக்கும் விடயத்தில் இந்தச் சித்திரம் கலைந்துபோகின்றது. தீங்கு கண்முன்னே நிற்கின்றது. செய்தவனைத் தேடினால் எவரும் அகப்படுவதில்லை. களனி கங்கையின் மணல் இதற்குத் தக்க சான்றாகும்.

சிவனொளிபாத மலையை அண்டிய உயர்நிலத்தில் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்பின் வடக்கே மட்டக்குளிக்கு அருகிற் கடலை அடையும் இந்நதி நீரை மட்டும் சுமந்து வருவதில்லை. மலைப்பாறை வெயிலாலும் மழையாலும் சிதைந்து பரலாகின்றது. பரல் உருண்டு தேய்ந்து மணலாகின்றது. மணல் படுக்கையிற் படிந்து, வெள்ளந்தோறும் சிறிது சிறிதாக முன்னகர்ந்து, கழிமுகத்திற் கடலைச் சேர்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து நீரோட்டம் அதனை வடக்கே கொண்டு சென்று நீர்கொழும்பை நோக்கிய கரையில் இடுகின்றது. அலை அரித்துச் செல்வதை ஆறு ஈடுசெய்வதனாலேயே கரை நிலைத்து நிற்கின்றது. நீரின் சுழற்சி ஓராண்டிற் கண்ணுக்குத் தெரியும். மணலின் பயணமோ ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்குரியது. தன் ஆயுளுக்குள் அடங்காத ஓர் ஓட்டத்தை மனிதன் ஓட்டமாகக் காண்பதில்லை, கிடங்காகவே காண்கின்றான்.

இந்த ஓட்டம் இரு முனைகளிலும் இடையூறுற்றது. மேல்முனையில், பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியபின் அதே சரிவுகளிற் தேயிலை நிரம்பியது. காடு பிடித்து வைத்திருந்த மேல்மண் மழையிற் கரைந்தது. காட்டை வெட்டிய கைகள் தொழிலாளருடையவை, முடிவெடுத்தவர்கள் அவர்களல்லர். செய்தவன் யார் என்ற வினா இங்கேயே சிக்கலாகிவிடுகின்றது. பின்னர் மின்சாரத்தின் பொருட்டுக் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. அணை நீரைத் திறந்துவிடும், மணலைத் திறந்துவிடாது.

கீழ்முனையின் கதை நமக்கு இன்னும் அண்மையானது. 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் கொழும்பும் அதன் சுற்றுப்புறமும் சீமெந்தினால் வளரத் தொடங்கின. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலே தனி வீடுகள் இருந்த இடங்களிற் தொடர்மாடிகள் எழுந்தன. போரினால் இடம்பெயர்ந்த வடக்குக் கிழக்குக் குடும்பங்கள் பல அங்கே ஒரு கூரை தேடின. கட்டடம் என்பது சீமெந்து மாத்திரமன்று. அதனிலும் பன்மடங்கு மணல் அதனுள் உண்டு. வள்ளங்களிற் சென்று மூழ்கி அள்ளியோரும், இயந்திரங்கொண்டு அள்ளியோரும் களனியின் படுக்கையைத் தாழ்த்திக்கொண்டே வந்தனர். கழிமுகத்திலிருந்து மேலே பல கிலோமீற்றர் தூரத்துக்கு அது கடல்மட்டத்துக்கும் கீழாயிற்று. விளைவு பௌதிக விதிப்படியே வந்தது. வறட்சியில் ஆற்று நீர் குறைந்தபோது, பாரங்கூடிய உப்புநீர் அடியால் ஊர்ந்து மேலேறி, மாநகரின் குடிநீரிற் பெரும்பகுதி பெறப்படும் அம்பத்தளையை எட்டியது. அதனைத் தடுக்க வறட்சிக் காலங்களில் ஆற்றின் குறுக்கே மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. அள்ளப்பட்ட மணல் செய்துவந்த காவலை, மூட்டையில் வந்த மணல் செய்ய நேர்ந்தது!

இதில் யார் குற்றவாளி? மூழ்கி அள்ளியவன் அன்றாடச் சோற்றுக்காக அள்ளினான். லொறிக்காரன் ஏற்றினான். ஒப்பந்தகாரர் விலை கொடுத்தார். அதிகாரி அனுமதிப்பத்திரம் வழங்கினார். தொடர்மாடியில் ஒரு வீட்டை வாங்கிய குடும்பம் மணலைப்பற்றி எண்ணியதேயில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பங்கு அற்பமானது என்பர். தனித்தனியே நோக்கின் அது உண்மையுங்கூட. எவரேனும் ஒருவர் விலகியிருந்தால் ஆறு தப்பியிராது. ஆயினும் ஆறு தாழ்ந்தது.

ஜேர்மன் மெய்யியலாளர் ஹான்ஸ் ஜோனாஸ் 1979 இல் வெளியிட்ட நூலில், பழைய ஒழுக்கவியல் அண்மையில் உள்ளோரையே கருதியது என்றும், தொழினுட்பத்தின் கை நீண்டுவிட்டதனால் பொறுப்பும் நீளவேண்டும் என்றும் வாதித்தார். அவர் பெரிதும் கவலைகொண்டது வருங்காலத்தவரைக் குறித்து. களனியிலோ, தீங்குறுவோர் இன்றே வாழ்கின்றனர்; வேறிடத்தில் வாழ்கின்றனர் என்பதே வேறுபாடு. மணல் வரத்துக் குறைந்து கரை அரிக்கப்படும்போது வள்ளம் இழுத்துவிட இடமிழக்கும் மீனவன், வெள்ளவத்தைத் தொடர்மாடியின் படிகளில் ஒருநாளும் ஏறியிருக்கமாட்டான்.

தமிழ் மரபில் இதனோடு வைத்து நோக்கத்தக்க ஒரு கருத்துண்டு. மன்னன் முறை தவறின் மழையும் பொய்க்கும் என்று வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்திற் கூறுகின்றார். அறிவியல் பயின்றோர் இதனைப் பழைய நம்பிக்கை எனத் தள்ளிவிடுவர். அரசனின் நெஞ்சுக்கும் முகிலுக்கும் தொடர்பேது என்பர். ஆனால் அக்கூற்றினுள் ஓர் உறுதியான கரு இருக்கின்றது: அதிகாரம் உடையவன், தான் கருதினாலும் கருதாவிட்டாலும், இயற்கையின் ஒழுங்குக்குப் பொறுப்பாளி. சி. ஜி. வீரமந்திரி 1997 இல் சர்வதேச நீதிமன்றத்தில், டான்யூப் நதி அணைகள் பற்றிய வழக்கிலே தனியாக எழுதிய தீர்ப்புரையில், மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்குச் செய்த உபதேசத்தை எடுத்துக்காட்டினார். அரசன் நிலத்தின் உரிமையாளன் அல்லன், காவலனே என்பது அதன் சாரம். 2000 ஆம் ஆண்டில் எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றமும் இக்காவலர் நெறியைக் கைக்கொண்டது.

சட்டம் பிரசைகளையும் மறக்கவில்லை. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்புரை, இயற்கையைப் பாதுகாப்பதை ஒவ்வொருவரினதும் கடமையாக்குகின்றது; அடுத்த உறுப்புரையோ அக்கடமையை நீதிமன்றத்தில் வலியுறுத்த இயலாதென்கின்றது. எல்லோர் மீதும் சுமத்தப்பட்டு, எவரிடமும் கேட்கப்படாத கடமை! மணலில் நேர்ந்ததன் சட்ட வடிவம் இதுவே எனலாம்.

அப்படியாயின் அள்ளுவதை முற்றாகத் தடைசெய்தால் என்ன? தடை ஒரு தீங்கை ஒழிப்பதற்குப் பதிலாக இடம்பெயர்த்துவிடக்கூடும். கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டால் குப்பைமேடு 2009 இற் கைவிடப்பட்டபோது மாநகரின் குப்பை மீதொட்டமுல்லைக்குச் சென்றது. 2017 ஏப்பிரல் 14 இல், புத்தாண்டு நாளன்று, அது சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். களனியைக் காத்து மகா ஓயாவைத் தோண்டுவதும் இவ்வகையினதே. கருங்கல்லைத் தூளாக்கி மணலுக்குப் பதிலாக இடுவதற்கும் எங்கோ ஒரு மலை வேண்டும்.

பங்கு அற்பமானது என்ற வாதம் நிலைத்து நிற்பதற்கு, மொத்தம் எவ்வளவு என்பது எவருக்கும் தெரியாதிருத்தல் அவசியம். ஆறு ஓராண்டிற் கொண்டுவந்து சேர்க்கும் மணலே அவ்வாண்டில் எடுக்கத்தக்க மணலின் உச்ச அளவு. கரைக்குச் சேரவேண்டியதைக் கழித்தால் அது இன்னுங் குறையும். அணைகள் தடுத்துக்கொள்வதனால் முன்னோர் காலத்து அளவும் இன்றில்லை. அந்த எல்லை அளந்து அறிவிக்கப்படும் நாளில், அதற்கு மேலே அள்ளப்படும் முதலாவது கூடை எவருடையது என்று கேட்க முடியும். அனுமதிப்பத்திரத்திற் கையொப்பமிடுபவரிடமும், மணலின் விலையில் ஆற்றின் விலையையும் சேர்க்காமல் வாங்குபவரிடமும் அதே வினாவை எழுப்ப முடியும்.