பிறக்குமுன் ஒரு கேள்வி

என் வீட்டு ராஜபாளையம் பெண் நாய் தோள்வரை இரண்டடிக்கு மேல் உயரம். வாசலில் பால்காரர் குரல் கேட்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறாள். இத்தனை பெரிய உடம்புக்கு இத்தனை பயமா என்று வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். உடம்பின் அளவுக்குத் தைரியம் இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம்முடையது, அவளுடையதல்ல.

2005-ல் இந்த இனம் தபால்தலையில் வந்தது. தூய வெள்ளை, ரோஜா நிற மூக்கு: லட்சணம் இதுதான் என்று மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்தார்கள். தோலில் நிறமியை இல்லாமலாக்கும் அதே காரணம் சில குட்டிகளின் உட்செவியிலும் நிறமிச் செல்களை இல்லாமலாக்குகிறது. அவை பிறந்த சில வாரங்களில் செவிடாகிவிடுகின்றன. நாம் கேட்டது நிறம் மட்டுமே.

குணமும் பொறுக்கியெடுக்கக் கூடியதுதான். 1959-ல் சைபீரியாவில் பெல்யாயெவ் தொடங்கிய பரிசோதனையில், மனிதரைக் கண்டு மிரளாத நரிகளை மட்டுமே இணைசேர்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே மனிதரிடம் வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. அப்படியானால் மிரட்சியைப் பொருட்படுத்தாமல் இணைசேர்ப்பவரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவரே.

இவளை வாங்கப் போனபோது தாய் நாய் சுவரோரம் ஒடுங்கி நின்றது. குட்டிகள் மூன்று மாதமாகக் கொட்டகையைத் தாண்டியதில்லை. பின்னொரு நாள் வளர்த்தவரிடம் இதைச் சொன்னேன். "அந்தத் தாயை நான் சேர்க்காம விட்டிருந்தா உங்க நாயே இருந்திருக்காதே சார்" என்றார்.

சாமர்த்தியமான பதில். 1984-ல் டெரிக் பார்ஃபிட் என்ற ஆங்கிலத் தத்துவவாதி ஒரு முழுப் புத்தகத்தின் ஒரு பகுதியில் மல்லாடியது இந்தச் சிக்கலோடுதான். இவளுக்கு வேறொரு பிறப்பு சாத்தியமாக இருந்ததில்லை. எனவே இந்தப் பிறப்பால் நஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வாதம் எந்தப் பிறப்பையும் நியாயப்படுத்திவிடும். எல்லாவற்றையும் மன்னிக்கிற வாதம் எதையும் பரிசீலிப்பதில்லை. மேலும், இணைசேர்த்ததற்குத்தான் இந்தப் பதில் பொருந்தும், கொட்டகைக்குப் பொருந்தாது. நாய்க்குட்டி மனிதரோடு பழகிக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை. அந்த வாரங்களில் நாலு மனிதர்களைப் பார்த்திருந்தாலும் இவள் இவளாகவே இருந்திருப்பாள், கொஞ்சம் பயம் குறைந்தவளாக.

இப்போது என்னிடம் ஒருவர் வருகிறார். லட்சணம் குறையாத பெட்டை, குட்டிகளுக்கு நல்ல விலை கிடைக்கும் என்கிறார். நான் மறுத்தேன். "தாயாகிறதைத் தடுக்க நீங்க யாரு?" என்று கேட்டார். எனக்கு உரிமை ஏதும் இல்லைதான். ஆனால் இன்னும் பிறக்காத குட்டிகள் தங்களுக்காக வந்து பேச முடியாது. அவற்றின் சார்பில் கேட்கவேண்டிய கேள்வியைப் பிறக்குமுன்தான் கேட்க முடியும்.

இதைச் சொல்லும் நான் சுத்தமானவனல்ல. அந்தத் தாயைக் கண்ணால் பார்த்த பிறகும் பணத்தை எண்ணிக்கொடுத்தேன். அந்தக் கொட்டகை என் பணத்திலும் நடக்கிறது.

இரவில் தெரு அடங்கியபின் கட்டிலடியிலிருந்து தானாக வெளியே வருகிறாள். நான் பக்கவாட்டில் திரும்பி, அவளைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறேன். கையை நீட்டுவதில்லை. வருவதும் வராததும் அவள் தீர்மானம். அவளிடம் நான் விட்டுவைத்திருப்பது அது ஒன்றுதான்.