கைவேலையும் பலத்தியாகமும்

மகாளய பட்சம் நடந்துகொண்டிருக்கும் நாட்களில், நவராத்திரிக் கொலுவுக்கு ஆயத்தமாக, நான்கைந்து சிநேகிதிகள் இராச் சாப்பாட்டுக்குப் பின் யாரேனும் ஒருத்தி வீட்டுக் கூடத்தில் கூடி, மரப்பாச்சிகளுக்குப் பட்டுத் துண்டில் பாவாடை தைப்பதும், கண்ணாடிமணி கோப்பதும், வர்ணக் காகிதத்தில் பூச் செய்வதுமாகச் சில நாழிகை கழிப்பது நம் ஊர்களில் காணக்கூடிய காட்சி. இதைப் பார்த்து, 'பொழுது போகாதவர்கள்' என்று சிரிப்போர் ஒரு சாரார். 'அம்பிகைக்குச் செய்யும் கைங்கரியம்' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோர் மற்றொரு சாரார். இரு சாராருமே விஷயத்தைச் சற்று அவசரமாக முடித்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால், தைக்கிற பெண்களைக் கேட்டால், பொழுது போகவில்லை என்றும் சொல்லமாட்டார்கள், பக்தி மேலிட்டு வந்தோம் என்றும் சொல்லமாட்டார்கள். 'சும்மா, எல்லோருமாகச் சேர்ந்து செய்தால் நன்றாயிருக்கிறது' என்பார்கள். விற்பனைக்கும் இல்லாமல், ஜீவனத்துக்கும் இல்லாமல், மோட்சத்தை உத்தேசித்தும் இல்லாமல், இப்படிச் 'சும்மா' செய்யப்படும் ஒரு வேலைக்கு ஆன்மிக மதிப்பு ஏதேனும் உண்டா என்பதுதான் இங்கே விசாரிக்கத் தக்க கேள்வி.

கர்மத்தில்தான் உனக்கு அதிகாரம், அதன் பலனில் இல்லை என்ற கீதோபதேசத்தை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அது போர்க்களத்தில், ஒரு ராஜ்யமே பணயமாக நிற்கும் வேளையில், ஒரு க்ஷத்திரியனுக்குச் சொல்லப்பட்டது. நம்மிடம் துறப்பதற்கு ராஜ்யம் இல்லை. ஆகவே ஒரு தர்க்கவாதி எழுந்து, 'விலை பெறாத பொருளின் பலனைத் துறப்பதும் ஒரு துறவா? சிம்மாசனத்தை விட்டவனைத் துறவி என்று ஒப்புக்கொள்ளலாம். பொம்மைப் பாவாடையை விட்டவளையுமா?' என்று கேட்கக்கூடும். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அந்தக் கூடத்தில் ஒரு தடவையாவது உட்கார்ந்தவர்களுக்கு விடை தெரியும். ஆசை பொருளின் விலையை விசாரித்துக்கொண்டு எழுவதில்லை. தான் வைத்த ஜரிகைக் கரையை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லையே என்று வரும் மனத்தாங்கலும், அடுத்தவள் கோத்த மணித்தோரணத்தைக் கண்டதும் உள்ளே சுருக்கென்று தைப்பதும், மகுடத்தை இழந்த மன்னனின் வேதனைக்கு ஜாதியில் குறைந்தவை அல்ல. அகங்காரத்துக்கு மரப்பாச்சியும் ஒன்றுதான், மாளிகையும் ஒன்றுதான்.

இந்த உண்மையை நன்கு அறிந்த ஒருவரை ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவத் துறவி ஜான் காஸியன் நமக்குக் காட்டுகிறார். எகிப்தின் பாலைவனத்தில் வசித்த பால் என்ற முனிவர் அவர். பேரீச்ச மரங்களும் ஒரு சிறு தோட்டமும் அவருடைய ஆகாரத்துக்குப் போதுமாயிருந்தன. அவர் இருந்த இடத்துக்கும் ஊருக்கும் ஏழு நாள் பயணத்துக்கு மேல் தூரம். கைவேலையை விற்கலாமென்றால், விலையைக் காட்டிலும் சுமைகூலி மிஞ்சிவிடும். இருந்தும் அவர் நாள்தோறும் ஓலை சேகரித்து, வயிற்றுப்பாட்டை நம்பியிருப்பவன் செய்வது போன்ற சிரத்தையோடு வேலை செய்தார். வருஷ முடிவில் குகை நிறைந்ததும், அவ்வளவையும் தீயிட்டுக் கொளுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். மனத்தின் அலைச்சலையும், துறவிகளைப் பீடிக்கும் சோர்வையும் வெல்வதற்கு இதுவே உபாயம் என்கிறார் காஸியன். பலத்தியாகத்துக்கு இதனினும் அப்பட்டமான உதாரணத்தை நான் அறியேன்.

அவரை வணங்குகிறேன், ஆயினும் அந்தத் தீயை நினைக்கும்போது எனக்குச் சிறிது நெருடுகிறது. அவர் தனியே இருந்தவர். தம் கையால் செய்ததைத் தம்மிடமிருந்து பிரிப்பதற்கு அவருக்கு நெருப்பைத் தவிர வேறு துணை கிடையாது. நம் கூடத்துப் பெண்களுக்கோ அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஒருத்தி வெட்டியதை மற்றொருத்தி தைக்கிறாள். அவள் தவறவிட்ட தையலை மூன்றாமவள் பிரித்துத் திருத்துகிறாள். எல்லாம் முடிந்ததும், 'இந்த ஜோடி உங்கள் படியில் இருக்கட்டும், அக்கா' என்று அது நான்காவது வீட்டுக்குப் போய்விடுகிறது. இதை யார் செய்தது என்று கொலுவுக்கு வந்தவர் கேட்டால், ஒரே பெயரைச் சொல்லி முடிக்க இயலாது. தனித்திருப்பவன் எரித்துத்தான் அடையவேண்டிய விடுதலையைச் சேர்ந்திருப்பவர்கள் கொடுத்தே அடைகிறார்கள். அதிலும் விசேஷம், அடைந்ததாக அவர்களுக்கே தெரிவதில்லை. துறந்தேன் என்ற நினைப்பே துறவிக்குக் கடைசி விலங்கு என்று வேதாந்திகள் எச்சரிக்கிறார்களே, அந்த விலங்கு இங்கே பூட்டப்படுவதே இல்லை.

வம்பு பேசுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஒன்று உண்டு. பேசுகிறார்கள், வாஸ்தவம். (திண்ணையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புருஷர்கள் பேசுவது மட்டும் உபநிஷத்தா என்று நான் கேட்கப்போவதில்லை.) ஆயினும் கை வேலையில் இருக்கும்போது பேச்சின் சுபாவமே மாறிவிடுவதைக் கவனித்திருக்கிறேன். ஊசிக் காதில் நூல் கோக்கிறவள் பாதி வாக்கியத்தில் நிற்கிறாள். அந்த நிறுத்தத்தில், சொல்ல வந்த கடுஞ்சொல் சிறிது ஆறிப்போகிறது. முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்லக் கூசும் துக்கங்கள் சில உண்டு: பிள்ளை வீட்டில் பட்ட அவமானம், வைத்தியர் சொன்ன செய்தி, ஆண்டுகள் பல சென்றும் ஆறாத ஒரு மரணம். எல்லோருடைய கண்ணும் மடியிலுள்ள துணியின்மேல் கவிந்திருக்கும்போது, அவை தாமாகவே வாயில் வந்துவிடுகின்றன. கேட்கிறவர்களும் ஏறிட்டுப் பாராமல், 'ம்' கொட்டியவாறு அடுத்த மணியைக் கோக்கிறார்கள். ஆறுதல் வார்த்தை தேடித் தவிக்க வேண்டியதில்லை. பேச்சு ஓய்ந்து நெடுநேரம் மௌனமாக இருந்தாலும் அந்த மௌனம் யாரையும் உறுத்துவதில்லை. சத்சங்கம் என்று நாம் பெரிய பெயரிட்டு அழைப்பதில் பாதியாவது இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

நம் புராணத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. சோழநாட்டுத் திருப்புகலூரில் முருக நாயனார் பொழுது புலருமுன் எழுந்து, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ எனப் பறித்து, வெவ்வேறு கூடையில் இட்டு, கண்ணியும் பிணையலும் இண்டையும் தாமமுமாகத் தொடுத்து வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்குச் சாத்தினார் என்கிறார் சேக்கிழார். மறுநாள் வாடிவிடும் பொருளையே வாழ்நாளெல்லாம் செய்த அந்தக் கைவினைஞரின் திருமடத்தில்தான் அப்பரும் சம்பந்தரும் சிறுத்தொண்டரும் திருநீலநக்கரும் ஒருங்கு கூடி அளவளாவியிருந்தார்கள். பூத்தொடுப்பவர் வீடு நட்புக்கு வீடாயிற்று என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். 1925-இல் ராட்டையைக் குறித்துக் காந்தியடிகளோடு வாதிட்ட கவி தாகூர், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது மனத்தை மரத்துப்போகச் செய்யும் என்று அஞ்சினார். கூடத்துக் கைவேலையை ஒரு விரதமாக்கி, நாளொன்றுக்கு இத்தனை முழம் என்று விதி வகுத்தால் அந்த அச்சம் மெய்யாகிவிடும். அவ்வாறே, கைத்தொழிலால் அடுப்பெரிப்பவனிடம் போய்ப் பலத்தியாகம் போதிப்பது தத்துவமல்ல, அநாகரிகம். அவனுக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுப்பதே நம் தர்மம். சிநேகிதிகளின் கூட்டம் விலைபேசத் தொடங்கினால், அதுவும் நல்ல காரியமே. கூட்டுறவுச் சங்கம் என்று பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் நான் சொல்லிவந்தது அதுவன்று.

ஆகவே, வாசகர் வீட்டில் அடுத்த புரட்டாசியில் யாரேனும் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு இரவில் அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டால், 'இந்த வேலையால் என்ன பிரயோஜனம்?' என்று கேட்காமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால், விளக்கை நன்றாகத் தூண்டிவிட்டு, நீங்களும் கொஞ்சம் மணி கோக்கலாம்.