பேச்சே இல்லீங்க, வேலைதானுங்க!

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி நடத்துகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவரிடம் காது கேளாத தொழிலாளர்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பாராட்டு கொட்டும். "தங்கமான பசங்கங்க. அரட்டை கிடையாது, வம்பு கிடையாது. பேச்சே இல்லீங்க, வேலைதானுங்க!"

மனசாரத்தான் சொல்கிறார்கள். வேலை கொடுத்திருக்கிறார்கள், சனிக்கிழமை சம்பளம் கொடுக்கிறார்கள். வரிசையாக ஓவர்லாக் மெஷின்கள் ஓடுகிற ஹாலில் காது நன்றாகக் கேட்கிறவனே கத்தித்தான் பேசவேண்டும். அங்கே பேசாத ஆள் கிடைத்தால் சௌகரியம்தானே?

ஆனால் எனக்கு அந்தப் பாராட்டு தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. அவர் பேசவில்லையா, இல்லை நமக்குப் புரியவில்லையா? 'போன வாரம் பீஸ் கணக்கில் இருபது குறைகிறது', 'ஒன்றரை ஷிப்ட் என்னால் முடியாது, முதுகு வலிக்கிறது' என்றெல்லாம் அவர் இரண்டு கைகளாலும் சொல்லியிருக்கலாம். நாம் சிரித்துவிட்டு, தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்திருப்போம். புகார் சொல்ல வழியில்லாதவரை 'நல்லவர்' என்பது என்ன மாதிரியான சர்டிஃபிகேட்?

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இப்போது பேசாததற்காகப் பாராட்டப்படுகிற இதே ஆளை, பள்ளிக்கூடத்தில் 'பேசு, பேசு' என்று பிடுங்கி எடுத்திருப்பார்கள்.

அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு. 164 பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் கூடி, 'இனி வாய்ப்பேச்சில்தான் பாடம், சைகை கூடாது' என்று முடிவு கட்டினார்கள். உலகம் முழுக்க அதன் நிழல் விழுந்தது. உதட்டைப் பார்த்துப் படி, தொண்டையைத் தொட்டு ஒலியைப் பழகு. 'பால்' என்று சொன்னாலும் 'மால்' என்று சொன்னாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். கண்ணாடி முன்னால் நின்று நீங்களே பாருங்கள். அந்தத் தீர்மானத்தைத் தவறென்று நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 2010-ல் வான்கூவரில் இன்னொரு மாநாடு கூட வேண்டியிருந்தது. நடுவில் 130 வருஷம்.

பேசக் கற்றுக்கொடுப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்து, விடாமல் பயிற்சி கொடுத்தால் பேசுகிற குழந்தைகள் உண்டு. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்திலேயே அந்த ஆபரேஷன் இருக்கிறது. நல்ல விஷயம். அந்த வண்டியைத் தவறவிட்ட குழந்தைகளைப் பற்றித்தான் என் கவலை.

நிகரகுவாவில் நடந்ததைக் கேளுங்கள். 1970-களின் கடைசியில் தலைநகர் மனாகுவாவில் அரசாங்கம் இந்தக் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தது. டீச்சர்கள் ஸ்பானிஷ் உதட்டசைவைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றும் ஏறவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பள்ளி பஸ்ஸிலும் குழந்தைகள் தங்களுக்குள் கையாலேயே ஒரு முழு மொழியை உண்டாக்கிவிட்டார்கள், இலக்கணத்தோடு! 1986-ல் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளர் போய்ப் பார்த்து அசந்துபோனார். டீச்சர்களுக்குத்தான் அது புரியவில்லை.

நம் ஊரிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தஞ்சாவூரில் அரசு நடத்தும் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. திருப்பூருக்குப் பக்கத்தில், கோவை ஆர்.எஸ்.புரத்தில் மாநகராட்சியே ஒரு பள்ளி நடத்துகிறது. காது கேளாத குழந்தைகளில் தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல் காது கேட்கிற அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள். வீட்டில் 'சோறு', 'தண்ணி', 'வா' என்று நாலு ஜாடைதான். இப்படிப்பட்ட பள்ளிக்கு வந்து மூத்த பிள்ளைகளின் கையைப் பார்க்கிற அன்றைக்குத்தான் பல குழந்தைகளுக்கு முதன்முதலாக ஒரு மொழி கிடைக்கிறது. 'நேற்று', 'நாளைக்கு', 'ஏன்' எல்லாம் அங்கேதான்.

இன்னொன்று கவனித்தீர்களா? தமிழ்நாட்டில் அரசின் இந்தச் சிறப்புப் பள்ளிகள் கல்வித்துறையின் கீழ் இல்லை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கீழ் வருகின்றன. உங்கள் பிள்ளை படிப்பது கல்வி, அந்தப் பிள்ளை படிப்பது நலத்திட்டம்! நான் பி.காம். படித்தவன். நன்கொடை ஒரு கணக்கு, கொடுக்கவேண்டிய கடன் வேறு கணக்கு என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நன்கொடையை இந்த வருஷம் நிறுத்தலாம், யாரும் கேட்க முடியாது. கடனை அப்படி நிறுத்த முடியுமா? ஒரு குழந்தைக்கு மொழி கொடுப்பதை நாம் எந்தக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம்?

"அதுக்காக நாங்க எல்லாரும் சைகை கத்துக்கணுமா சார்? அது எவ்வளவு கஷ்டம்!" என்பீர்கள்.

திருப்பூரையே பாருங்கள். 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த ஊர்களில் ஒன்று. அப்புறம் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். லைன் சூப்பர்வைசர், செக்கிங் அக்கா, மளிகைக் கடைக்காரர் எல்லோரும் நாலு வார்த்தை இந்தி பேசப் பழகிவிட்டார்கள். புத்தகம் இல்லை, டியூஷன் இல்லை, அரசாணை இல்லை. ஷிப்மென்ட் தேதி ஒன்றுதான் வாத்தியார்! 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரைத் தாக்குவதாக வதந்தி கிளம்பியபோது, அவர்கள் மொழியிலேயே தைரியம் சொல்ல அதிகாரிகளும் முன்வந்தார்கள்.

ஆக, கற்றுக்கொள்ள முடியாது என்ற பேச்சே இல்லை. தேவைப்பட்டால் ஒரு ஊரே கற்றுக்கொள்ளும். டெல்லியில் 2015-ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம், 2021-ல் பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதியை வீடியோவாக வெளியிட்டது. இலவசம். செல்போனிலேயே பார்க்கலாம். டீ டைமில் ஒரு நாளைக்கு இரண்டு சொல். லைனுக்கு ஒருத்தர் கற்றால்கூடப் போதும்.

எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று கேட்டால் 'சம்பளம்', 'வலி', 'லீவு', 'வேண்டாம்' என்பேன். அதற்கும் முன்னால் 'நெருப்பு'. ஆபத்து மணி அடிக்கும்போது, குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருக்கிற அந்த 'தங்கமான' மனிதரிடம் போய்ச் சொல்வது யார் வேலை என்று உங்கள் கம்பெனியில் யாருக்காவது தெரியுமா?