காது கைவிடும் இடத்தில்

திருமுக்கூடல் பிள்ளைக்கு ‘கரை’, ‘கறை’ இரண்டும் காதில் ஒன்றாகத்தான் விழும். தமிழ்நாட்டுப் பேச்சில் ரகர, றகர வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆகவே எழுத்துப் பிழையைத் தீர்ப்பது பொருள்தான். பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் இந்த ஊரில் ஆற்றங்கரையைக் காட்டி ஒன்றையும், சட்டையில் பட்ட வாழைப்பூக் கறையைக் காட்டி மற்றதையும் எழுதவைக்கலாம். பத்து முறை எழுதினால் பதியாதா என்பார்கள். கை பழகும், மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த வாக்கியத்தில் எது வரும் என்று தேர்ந்தெடுக்கும் பழக்கம் அதனால் வராது.

கற்பவருக்கேற்பப் பாடத்தை மாற்றுவது புதிதல்ல. இவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள, வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, இங்கு ரூபாவதாரம் கற்பிக்கப்பட்டதைச் சொல்கிறது. பாணினியின் இலக்கணச் சூத்திரங்களைக் கற்பவர் வசதிக்காகத் தலைப்புவாரியாக மாற்றி அடுக்கிய நூல் அது. வடமொழிப் பாடம், அதுவும் வளர்ந்த மாணவருக்கு. என்றாலும் மனப்பாடத்துக்குப் பேர்போன கல்வியே வரிசையை மாற்றத் தயங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முறையை மாற்றலாம் என்றால், பிள்ளைகள் அதிகம், நேரமில்லை என்பது ஆசிரியர்களின் நியாயமான குறை. ஆனால் சொல்வதெழுதுதலில் சொல்லைத் தனியே சொல்லாமல் ஒரு சிறு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல, கூடுதலாகச் சில நொடிகளே ஆகும். நாளைய வகுப்பில் ஐந்து சொற்களை அப்படிச் சொல்லிப் பாருங்கள்.