கலங்காத நெஞ்சம் புண்ணியமா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் இறந்ததும் செவிலியர் செய்யவேண்டிய பணிகள் பல. ஓசையிடும் கருவிகளை நிறுத்த வேண்டும். குழாய்களை அகற்றி, உடலைத் துடைத்து, உறவினரை உள்ளே அழைக்க வேண்டும். பின்னர் படுக்கையைத் தூய்மை செய்து அடுத்த நோயாளிக்கு ஆயத்தமாக்க வேண்டும். இவற்றைக் கண் கலங்காமல் முடிப்பவரை, வெளியே காத்திருக்கும் நம்மவர் 'கல்நெஞ்சம்' என்பர். கை நடுங்கி விம்முபவரையோ, 'இந்த வேலைக்கு லாயக்கில்லை' என்பர். நோயில் பூசுதலுக்காக அப்பிரிவுகளுக்குச் சென்றுவரும் எனக்கு, இவ்விரு தீர்ப்புகளும் ஒரே வேரிலிருந்து முளைப்பதாகவே தோன்றுகிறது. பிறவி இயல்பையே அறமென்று கொள்வதுதான் அந்த வேர்.

மனித மனங்கள் ஒன்றுபோல் அமைந்தவை அல்ல என்பது உண்மையே. அமெரிக்க உளவியலாளர் சூசன் கோபாசா, கடும் நெருக்கடியிலும் நோயுறாத நிறுவன நிர்வாகிகளை ஆராய்ந்து, 1979இல் மூன்று பண்புகளைச் சுட்டினார். ஈடுபாடு, நிகழ்வுகள் தம் கட்டுப்பாட்டில் உள்ளன என்னும் உணர்வு, மாற்றத்தை அறைகூவலாக ஏற்கும் மனம் ஆகியவையே அவை. செவிலியரைப் பற்றிய பிற்கால ஆய்வுகளிலும் இக்கருத்து கையாளப்பட்டது. ஆனால், நிர்வாகிக்குப் பொருந்துவது செவிலியருக்கும் அப்படியே பொருந்துமா? இரண்டாம் பண்பில் எனக்கு ஐயமுண்டு. எல்லாம் தம் கையில் என நம்பும் செவிலியர் ஒவ்வோர் இறப்பையும் தம் தோல்வியாகவே வீட்டுக்குச் சுமந்து செல்வார். வறண்ட வாயை நனைப்பதும், வலியை மருத்துவரிடம் எடுத்துச் சொல்வதும் அவர் கையில் உள்ளவை. நின்றுபோகும் இதயம் அன்று. இதைப் பிரித்தறிவதற்குப் பெயர் விவேகம். அது பிறவியிலேயே வருவதன்று.

இவ்விடத்தில் புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்கு உதவுகிறார். உடலமைப்பினால் ஒருவர் துணிவுக்கும், மற்றொருவர் வேறொரு நற்பண்புக்கும் ஏற்றவராகப் பிறக்கலாம். ஆயினும் அது புண்ணியத்தின் தொடக்கமேயன்றி முழுமையன்று என்பது அவர் போதனை. விவேகமற்ற இயல்பூக்கம் வலுக்க வலுக்க ஆபத்தும் கூடும் என்பதற்கு, குருட்டுக் குதிரையின் ஓட்டத்தை உவமையாக்குகிறார். அமைதியான இயல்புள்ளவர் அவ்வமைதியோடு நோயாளியின் கையைப் பற்றலாம். அதே அமைதியோடு அவரை வெறும் படுக்கை எண்ணாகவும் காணலாம். எளிதில் உருகுபவரோ, மானிட்டர் காட்டாத அச்சத்தை நோயாளியின் முகத்தில் கண்டுகொள்ளக்கூடும். உணர்ச்சியற்ற நிலையே ஞானம் என்ற ஸ்தோயிக்கரின் கொள்கையைப் புனித அகுஸ்தினார் மறுத்தார். இலாசரின் கல்லறையருகே இயேசு சிந்திய கண்ணீரை அவர் மறக்கவில்லை.

ஆயினும் எல்லாவற்றையும் தனிமனித இயல்பில் ஏற்றிவிடுவது நிர்வாகங்களுக்கு மிக வசதியானது என்பதையும் சொல்லியாக வேண்டும். இசபெல் மென்சீஸ் இலண்டன் மருத்துவமனையொன்றை ஆராய்ந்து 1960இல் கட்டுரை எழுதினார். எந்தச் செவிலியரும் ஒரே நோயாளியிடம் நெடுநேரம் நெருங்கிவிடாதபடி அங்கே பணிகள் துண்டாடப்பட்டிருந்தன. நோயாளிகள் பெயரால் அன்றி, படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிக்கப்பட்டனர். அச்சத்தைத் தடுக்க எழுப்பிய சுவர்கள்தாம் இவை, அச்சமோ தணியவில்லை. பயிற்சி மாணவியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இடையிலேயே விலகினர். விலகியவர்களுள் பலர் சிறந்த மாணவியர் என்பதையும் அவர் பதிவு செய்தார். 'மனத்திடம் போதாதவரே ஓடுவர்' என்போர் இதைச் சற்று எண்ணிப்பார்க்கட்டும்.

ஆறுதல் தரும் முயற்சி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனைச் செவிலியர் ஜோனதன் பார்ட்டெல்ஸ், ஒருவர் இறந்தவுடன் மருத்துவரும் செவிலியருமாக அனைவரும் படுக்கையைச் சுற்றிச் சிறிது நேரம் மௌனமாய் நிற்கும் வழக்கத்தைத் தொடங்கி, அது குறித்து 2014இல் எழுதினார். எச்சமயத்தவரும் அதில் பங்கேற்கலாம். கலங்குபவர் கலங்கலாம்; கலங்காதவர் வெறுமனே நிற்கலாம். பிறகு படுக்கை விரிப்பை மாற்றத் தொடங்குகிறார்கள்.