ஒன்பது மார்க்

கடைசி நாளன்று அவன் ஒரு படிவத்தை நீட்டினான். கல்லூரி முத்திரை போட்ட ஒற்றைத் தாள். நேரம் தவறாமை, தொழில்நுட்ப அறிவு, குழுவோடு சேர்ந்து வேலை செய்தல் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று போட வேண்டும். எல்லாவற்றிலும் ஒன்பது போட்டுக் கையெழுத்திட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

தாளை வாங்கிக்கொண்ட பிறகும் அவன் நகரவில்லை. "அண்ணா, ரிப்போர்ட்ல 'கற்றுக்கொண்டவை'ன்னு ஒரு சாப்டர் இருக்கு. அதுல என்ன எழுதட்டும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்டர்ன்களைக் கசக்கிப் பிழியும் ஆபீஸ் கதைகள் நம் எல்லோருக்கும் தெரியும். நான் அப்படி எதுவும் செய்யவில்லை. அவனை ராத்திரி உட்கார வைத்ததில்லை, ஒரு வார்த்தை திட்டியதில்லை. டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். செய்வதற்கு ஒரு டாஷ்போர்டு கொடுத்திருந்தோம். அதை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். நாலாவது மாசத்தில் அவனுக்கும் தெரிந்துவிட்டது.

ஒரே ஒருமுறை நிஜ வேலை அவன் கைக்குப் போனது. ஒரு அறிக்கையில், அதிகாலை ஐந்தரைக்கு முன் நடந்த பரிவர்த்தனைகள் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழுந்துகொண்டிருந்தன. சர்வர் யுடிசி நேரத்தில் ஓடுகிறது, நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அவன் காரணத்தைச் சரியாகவே பிடித்துவிட்டான். ஆனால் நாலு இடங்களில் கையால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி வைத்திருந்தான். அன்றைக்கு அது ஓடும். நாளைக்கே சிங்கப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்தால் உடையும். மறுநாள் காலை ரிலீஸ். ராத்திரி பதினொரு மணிக்கு நானே முழுவதையும் மாற்றி எழுதி, அவன் பெயரிலேயே சேர்த்துவிட்டேன். காலை மீட்டிங்கில் "தம்பி முடிச்சுட்டான்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கூச்சம் என்று நினைத்தேன்.

மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக்கூடாது என்று காண்ட் சொன்னதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுவோம். 1785இல் வந்த அதே நூலில் அவர் இன்னொரு படி மேலே போகிறார். இன்னொருவரின் நோக்கத்துக்குக் குறுக்கே நிற்காமலிருப்பது மட்டும் போதாது, முடிந்தவரை அதற்குத் துணை நிற்கவும் வேண்டும் என்கிறார். முதல் பாதியில் நான் பாஸ். அவனை நான் கருவியாக்கவில்லை, விருந்தாளியாக்கினேன். விருந்தாளியை யாரும் அடுப்படிக்குள் விடுவதில்லை.

ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் எழுதிய 'சிச்சுவேட்டட் லேர்னிங்' என்ற சின்னப் புத்தகத்தில் லைபீரியத் தையல்காரர்கள் வருகிறார்கள். அங்கே புதிதாகச் சேரும் பையன் பட்டன் தைப்பதிலும் ஓரம் மடிப்பதிலும் தொடங்குகிறான். துணி வெட்டுவது கடைசியில்தான் வரும். தையல் தப்பினால் பிரித்துவிடலாம், தப்பாக வெட்டிய துணி போனது போனதுதான். ஆனால் பட்டன் தைக்கும்போதே முழு ஆடையும் அவன் மடியில் கிடக்கிறது. அதே புத்தகத்தில் அமெரிக்க சூப்பர்மார்க்கெட் இறைச்சிப் பிரிவுகளும் வருகின்றன. அங்கே ஒரு கடையில், கறியைப் பொட்டலம் கட்டும் இடத்தில் நிற்கும் பயிற்சியாளர்களுக்குக் கறி வெட்டும் இடமே கண்ணில் படாது. சின்ன வேலை கொடுப்பது தப்பில்லை. பெரிய வேலையைப் பார்க்கவிடாமல் சின்ன வேலை கொடுப்பதுதான் தப்பு.

"கிளையன்ட் சிஸ்டத்துல இன்டர்ன் கைவெச்சு ஏதாவது ஆச்சுன்னா?" நியாயமான கேள்விதான். ஒருவர் கற்றுக்கொள்ளும் செலவை முன்பின் தெரியாத ஒருவர் தலையில் கட்டக்கூடாது. ஆனால் எங்கள் தொழிலில் தவறை மலிவாக்கவே இத்தனை ஏற்பாடுகள் இருக்கின்றன. கோட் ரிவ்யூ, டெஸ்ட் சர்வர், பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வசதி. அன்று ராத்திரி என்னிடம் இல்லாதது பாதுகாப்பு அல்ல, பொறுமை. 'இது ஏன் உடையும்னு யோசி' என்று ஒரு வரி எழுதியிருந்தால் ரிலீஸ் ஒருநாள் தள்ளியிருக்கும். மேனேஜருக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒருநாளைத்தான் அவனுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்தேன். கடைசியில் போட்ட ஒன்பதுகள் அந்தக் கடனுக்கான வட்டி.

அடுத்த வருஷம் ஒரு மாணவி வந்தாள். டாஷ்போர்டு கொடுக்கவில்லை. எங்கள் வேலையிலேயே ஒரு ஓரத்தைக் கொடுத்தேன். நான் திணறுகிற மீட்டிங்குகளில் அவளையும் உட்காரவைத்தேன். அவள் கோடில் நான் கைவைக்கவில்லை, கமென்ட் மட்டும் போட்டேன். மூன்றாவது சுற்றில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ரிலீஸ் தள்ளிப்போனது. நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் அதே படிவம். தொழில்நுட்ப அறிவுக்கு ஏழு போட்டேன். எல்லோரும் ஒன்பது போடுகிற ஊரில் ஏழு என்பது நேர்மையா, தண்டனையா? அந்த ஏழோடுதான் அவள் மற்றவர்களின் ஒன்பதுகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் செய்தது சரியா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஏழு எதுக்குண்ணா?" என்றாள்.

அவளுக்குச் சொல்ல என்னிடம் அரைமணி நேரத்துக்கு விஷயம் இருந்தது. ஒன்பது எதுக்கு என்று அவன் கேட்டிருந்தால் ஒரு வார்த்தைகூட இருந்திருக்காது.